இரண்டு விரற்கடை

ஜனவரி 20, திங்கள்

எங்கள் ரோபோ குழுவுக்கென்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. தினமும் நான்தான் எழுதுகிறேன், குழுவுக்குப் பொறுப்பான வடிவு மேடம் கையெழுத்துப் போடுகிறார், போட்டியன்று நடுவர்கள் வாசித்து மதிப்பெண் போடுவார்கள். அதில் "கோமதி இன்று முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தாள்" என்றெல்லாம் எழுத முடியாது. அதற்குத்தான் இந்த நோட்டு.

முதல் பக்கம் என்பதால் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். நாங்கள் மூன்று பேர், பெண்கள் பாலிடெக்னிக், மூன்றாம் ஆண்டு. கோமதிக்கு இரும்பு வேலை: அறுப்பது, துளைப்பது, முறுக்குவது. எனக்கு வயரிங். ரெஜினா ரிமோட் பிடித்து ஓட்டுவாள். ஓட்டுபவரைத் தேர்ந்தெடுக்க மேடம் தரையில் டம்ளர்களை வரிசையாக வைத்து, நடுவே ரிமோட் வண்டியை ஓட்டச் சொன்னார். நான் மூன்று டம்ளரைத் தட்டினேன். ரெஜி ஒன்றையும் தட்டவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வயரிங்தான் முக்கியமான வேலை.

போட்டி மார்ச் 1. தரையில் கிடக்கும் ஐந்தடி பிளாஸ்டிக் கம்பத்தை ரோபோ பிடித்துத் தூக்கி, ஒரு தாங்கியில் நேராக நிறுத்த வேண்டும். தூக்குவதற்கான ஆக்சுவேட்டர் இன்று வந்து சேர்ந்தது. பார்க்க ஒரு குழாய்தான். மோட்டார் சுற்றினால் உள்ளேயிருந்து ஒரு தண்டு மெதுவாக நீளும், திருப்பிச் சுற்றினால் உள்ளே போகும். கோமதி பார்த்ததும், "ஆமை மாதிரில்லா தலைய நீட்டுது" என்றாள். ஆமை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஆமைக்குத் தானாக நிற்கத் தெரியாது. கரண்ட் இருக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். எழுபது கிலோ எடையைத் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆகவே மேலே ஒரு லிமிட் சுவிட்ச், கீழே ஒரு லிமிட் சுவிட்ச். தண்டு தூக்கும் ரோபோவின் கை வந்து சுவிட்சைத் தொட்டால் கரண்ட் அறுந்து மோட்டார் நின்றுவிடும். கை ரோபோவின் மேல்சட்டத்தை முட்ட இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கும்போதே நிற்கிற மாதிரி மேல் சுவிட்சை வைக்கப் போகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

ஆமை மேலே போனது. சுவிட்ச் டிக் என்றது. கை நின்றது. மூவரும் கைதட்டினோம். பிறகு ரெஜி இறக்குவதற்கு அழுத்தினாள். அசையவில்லை.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே வயர். சுவிட்ச் அதை அறுத்துவிட்டது. அறுந்த வயரில் எப்படி இறங்கும்? இது எனக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டும்.

"ஏறிட்டு எறங்கத் தெரியாம நிக்குது. ஒன்ன மாதிரியேதான்" என்றாள் கோமதி. முதல் வருடம் நான் விடுதித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டு இறங்க முடியாமல் அழுததை இன்னும் விடமாட்டேன் என்கிறாள். அன்றைக்கு ஏணி பிடித்து இறக்கிவிட்டதும் அவள்தான்.

ஜனவரி 24, வெள்ளி

சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு டயோடு வைத்தேன். டயோடு கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும். இப்போது சுவிட்ச் அறுத்தால் ஏற முடியாது, ஆனால் இறங்கலாம். குறிப்பேட்டில் படம் வரைந்து ஒட்டினேன். மேடம் பக்கத்தில் "மிக நன்று" என்று எழுதினார். மெஸ்ஸில் சொதிக் குழம்பு.

ஜனவரி 29, புதன்

போட்டியில் ஓட்டுபவர் ஒரு கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கூட இருப்பவர்கள் பக்கத்தில் நின்று குரல் கொடுக்கலாம். நாங்கள் ஆளுக்கொரு விதமாகக் கத்துகிறோம். "தூக்கு", "கொஞ்சம் விடு", "அய்யோ அந்தப் பக்கம்". ரெஜி பாவம். நான் ஐந்து சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டினேன்: முன்னே, பின்னே, நிறுத்து, சாய், போதும். கம்பத்தை நிமிர வைக்க "நிறுத்து". படுக்க வைக்க "சாய்". எது ஓடிக்கொண்டிருந்தாலும் நிற்க "போதும்".

"நிறுத்துன்னா நிக்கச் சொல்லுததுல்லா? பஸ்ஸுல அப்படித்தான சொல்லுவோம்" என்றாள் கோமதி.

"போட்டித் தாள்ல 'கம்பத்தை நிறுத்துதல்'னுதான் போட்டிருக்கு. நிக்கதுக்குத்தான் 'போதும்' இருக்கே."

"எனக்கு எதுன்னாலும் சரிதான்ட்டி. ஒருக்கா கைக்குப் பழகிட்டா அப்புறம் மாத்தக்கூடாது" என்றாள் ரெஜி.

மாலைக்குள் பழகிவிட்டாள். கோமதி "நிறுத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் கம்பம் கிளம்பிவிடுகிறது. என் பட்டியலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பிப்ரவரி 1, சனி

துணி துவைத்தேன். வேலைச் சட்டையில் கிரீஸ் போகவில்லை. ரெஜி ஏதோ சோப்பு கொடுத்தாள், அதற்கும் போகவில்லை.

பிப்ரவரி 5, புதன்

மேல் சுவிட்ச் படுத்தி எடுக்கிறது. அதைத் தாங்கும் தகடு வளைந்திருக்கிறது. ரோபோ வண்டி ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கினாலே குலுங்கி டிக் என்கிறது, கம்பம் பாதியில் நின்றுவிடுகிறது. தகட்டைக் கழற்றி நிமிர்த்தித் திரும்ப அளவு பார்த்து வைக்க ஒரு முழு மதியம் வேண்டும். நாளைக் காலை கல்லூரி முதல்வர் பார்க்க வருகிறார்.

அவர்கள் இருவரும் சாப்பிடப் போனபோது சுவிட்சில் வயர் மாட்டியிருக்கும் இரண்டு கால்களையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டேன். இனி சுவிட்ச் அறுத்தாலும் கரண்ட் வயர் வழியாகப் போய்விடும். அதாவது மேல் சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி. பரவாயில்லை, கம்பம் நேராக வந்ததும் ரெஜி விரலை எடுத்துவிடுவாள். அவள் கை அளவு தப்பாது. நாளைக்கு மட்டும்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

முதல்வர் வந்தார். மூன்று முறை தூக்கினோம், மூன்று முறையும் கம்பம் நின்றது. "வயரிங் யாரும்மா? சுத்தமா இருக்கே" என்றார். நான் கையைத் தூக்கினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வயரை எடுக்க வேண்டும். இன்று யூனிட் டெஸ்ட்.

பிப்ரவரி 10, திங்கள்

கோமதிக்கு அடிபட்டுவிட்டது. வலது கை மோதிர விரல். ரோபோவின் கைக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. நுனி எலும்பில் விரிசல், நகம் போய்விட்டது, நான்கு தையல். மேடமும் ரெஜியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் பட்டறையில் இருந்தேன். தரையைத் துடைத்தேன். ரோபோவைக் கொஞ்சம் ஒழுங்கு செய்தேன். தகட்டையும் கழற்றி நிமிர்த்தி மாட்டினேன். இப்போது எப்படிக் குலுக்கினாலும் சுவிட்ச் சும்மா இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கம்பத்தைப் பிடிக்கும் ஆணி ஒன்று, கை ஏறும்போது ஆடியது. எங்கே ஆடுகிறது என்று பார்க்க, கோமதி மேல்சட்டத்துக்கு அடியில் விரலைக் கொடுத்து ஆணியைப் பிடித்திருந்தாள். ரெஜி கோட்டுக்குப் பின்னால் ரிமோட்டோடு நின்றாள். கை ஏறியது. மேலே வந்தும் நிற்கவில்லை. கோமதி "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினாள். அந்த நேரத்தில் யாருக்குப் "போதும்" என்று வாயில் வரும்? ஆனால் ரெஜிக்குப் பன்னிரண்டு நாளாக "நிறுத்து" என்றால் மேலே தூக்கு. அவள் விரலை எடுக்கவில்லை, இன்னும் பலமாக அழுத்தினாள். நான் ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன்.

மேடம் இன்று எங்களை உட்காரவைத்துக் கேட்டார். நான் எழுந்து, "அந்தச் சொல்ல வச்சது நாந்தான் மேடம். கோமதி அப்பவே வேண்டாம்னு சொன்னா. தப்பு என் மேலதான்" என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"சரி, சுவிட்ச் ஏம்மா நிப்பாட்டல?"

"தகடு வளஞ்சிருந்திச்சு மேடம். சரி பண்ணிட்டேன்."

தகடு வளைந்திருந்தது உண்மைதான். மேடம் ரோபோவை ஓட்டிப் பார்த்தார், சுவிட்ச் சரியாக நிறுத்தியது. "ஒத்துக்கிடுததுக்கும் ஒரு மனசு வேணும்மா" என்று என் தோளில் தட்டினார். குறிப்பேட்டில் "விபத்துக்குக் காரணம்: சொல் குழப்பம்" என்று எழுதினேன், கையெழுத்துப் போட்டார். சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டோம். இனி ஏத்து, எறக்கு, ஸ்டாப். இரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுதத்தான் ஆசை.

பிப்ரவரி 14, வெள்ளி

கோமதி வந்துவிட்டாள். விரலில் பெரிய கட்டு. எல்லோரிடமும் "ஆமை கடிச்சிட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். இடது கையால் ஸ்பேனர் பிடிக்கிறாள், பிடிக்கத் தெரியவில்லை, நான் பிடித்துக் கொடுத்தேன்.

ரெஜியைப் பார்த்து, "நீ வேணும்னா செஞ்ச? போட்டி முடியட்டும், ஒன்ன வச்சுக்கிடுதேன்" என்று சிரித்தாள். ரெஜி சிரிக்கவில்லை. ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

ரெஜி ஓட்டமாட்டேன் என்று மேடமிடம் சொல்லிவிட்டாளாம். ஓட்டுபவரின் பெயரை மாற்ற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். மேடம், "நீயே ஓட்டும்மா. ஒனக்கு எல்லாம் தெரியும்லா" என்றார். சரி என்றேன்.

மாலை முழுக்க ஓட்டினேன். பத்துக்கு எட்டு முறை கம்பத்தைச் சரியாக நிறுத்தினேன். டம்ளர் பரீட்சையில் எனக்குப் பழக நேரம் போதவில்லை, அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மெஸ்ஸில் தோசை. இரண்டோடு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

காலையில் லேத் வகுப்பு. ரெஜி இயந்திரத்துக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சார் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், பிறகு வெளியே அனுப்பிவிட்டார். போன புதன்கிழமையும் இப்படித்தான் நின்றாளாம். செய்முறை இல்லாமல் டிப்ளமோ கிடையாது.

மதியம் மெஸ்ஸில் அவள் எதிரில் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அவ கத்தக் கத்த நான் அழுத்திட்டு நின்னுருக்கேன்ட்டி" என்றாள். "சொல்லு மாறிப்போச்சுங்கிய, சரி. அவ மூஞ்சியப் பாத்தாவது எடுத்திருக்கணும்லா? கண்ணு பாத்திச்சு, கை எடுக்கல. இந்தக் கைய நம்பி நான் எந்த மிஷின் கிட்டயும் நிக்க மாட்டேன்."

"அதுக்காவ?"

"வீட்டுல சொல்லிட்டேன். திங்கக்கெழம அப்பா வாராவ. டிசி வாங்கிட்டுப் போயிருவேன்."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். "சாப்பிடுட்டி" என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. அப்படியும் பத்து நாளாக இதிலேயே சுற்றி வளைத்து எழுதியிருக்கிறேன்.

பத்தாம் தேதி "ரோபோவைக் கொஞ்சம் ஒழுங்கு செய்தேன்" என்று எழுதினேனே, அவர்கள் வாசலைத் தாண்டியதும் நான் முதலில் செய்தது துண்டு வயரை எடுத்ததுதான். வெட்டி, காகிதத்தில் சுற்றி, குப்பையில் அடியில் போட்டேன். அதன் பிறகுதான் தகடு. தரையில் கோமதியின் ரத்தம் இருந்தது, அதைக் கடைசியாகத்தான் துடைத்தேன்.

இன்னொன்றையும் எழுதவில்லை. விரலை உள்ளே கொடுக்கும் முன் கோமதி என்னிடம் கேட்டாள்: "மேல் சுவிட்ச பாத்தியாட்டி?" நான் "பாத்தாச்சு" என்றேன்.

வயரை மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. அவள் கேட்ட நொடியில் ஞாபகம் வந்தது. இப்போது சொன்னால் கோமதி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், முதல்வர் பாராட்டிய வயரிங் இதுதானா என்று மேடம் கேட்பார் என்று நினைத்தேன். ரெஜி எப்படியும் விரலை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். இதையெல்லாம் நினைக்க எனக்கு நேரம் இருந்திருக்கிறது. ஒரு வயரைப் பிடுங்க அதில் பாதி நேரம் போதும்.

வயர் இல்லாமல் இருந்திருந்தால், யார் என்ன கத்தினாலும், ரெஜி எவ்வளவு அழுத்தினாலும், கை இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றிருக்கும். சொல் தப்பு என்று நான் அழுதது சின்னத் தப்பைக் காட்டிப் பெரிய தப்பை ஒளித்ததுதான். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

மெஸ் அக்காவிடம் இரண்டு முருங்கைக்காய் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள், பட்டறைக்கு என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

மதியம் ரெஜியைப் பட்டறைக்கு அழைத்தேன். வரமாட்டேன் என்றாள். ரிமோட்டைத் தொட வேண்டாம், பார்த்தால் போதும் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். கோமதி விரல் இருந்த இடத்தில் ஒரு முருங்கைக்காயைக் கட்டினேன். ரிமோட்டை நானே அழுத்தினேன். கை ஏறியது, டிக் என்றது, நின்றது. முருங்கைக்காய் அப்படியே இருந்தது. நான் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"நான் அழுத்திட்டுத்தான் இருக்கேன், பாரு" என்றேன்.

பிறகு கையை இறக்கி, சுவிட்சின் கால்களை ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன். இந்த முறை கை நிற்கவில்லை. முருங்கைக்காய் நசுங்கி விதை வெளியே வந்தது. இறக்கினேன்.

"இது எதுக்குட்டி இப்ப?" என்றாள் ரெஜி. அவளுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கும் இந்த வயர் இருந்திச்சு. முதல்வர் வந்த அன்னைக்காவ நாந்தான் வச்சேன். எடுக்கல. கோமதி கேட்டதுக்குப் பாத்தாச்சுன்னு பொய் சொன்னேன்."

அவள் முருங்கைக்காயைப் பார்த்தாள். பிறகு, "வயர எடு" என்றாள். எடுத்தேன். "ஒன் கைய அங்கன வையி" என்றாள்.

வைத்தேன். ரெஜி மேஜைக்குப் போய் ரிமோட்டை எடுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் அதைத் தொடுகிறாள். அழுத்தினாள். கை ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சுவிட்ச், என் அளவு, என் டயோடு, எல்லாம் தெரியும், இருந்தும் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. டிக் என்றது. நின்றது. அவள் விரலை எடுக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.

"என் கைதான்னு நெனச்சேன்ட்டி" என்றாள். "பதினோரு நாளா."

ரிமோட்டை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் போனேன். "நீ வராத" என்றாள். தள்ளி நின்றேன்.

பிப்ரவரி 22, சனி

கோமதியிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். "பாத்தாச்சுன்னு சொன்னியேட்டி" என்றாள். அதையே இன்னொரு முறையும் சொன்னாள்.

பிறகு வடிவு மேடமிடமும் சொன்னேன். அவர் குறிப்பேட்டை என் முன்னால் தள்ளி, பழையதை அடிக்காமல் அதன் கீழேயே நடந்ததை எழுதச் சொன்னார். எழுதினேன். இதற்கு மதிப்பெண் குறையும் என்றார், நீ குழுவில் இருப்பதா வேண்டாமா என்று அவர்கள் இருவரும் சொல்லட்டும் என்றார். என்னை வெளியே நிற்க வைத்துவிட்டுப் பேசினார்கள். ரெஜிதான் கதவைத் திறந்து, "வயரிங்குக்கு வேற ஆள் இல்ல. வா" என்றாள். ஓட்டுபவர் பெயரை மாற்றும் நாள் நேற்றோடு முடிந்துவிட்டது. ரெஜி மனம் மாறலாம் என்று காத்திருந்த மேடம் பெயர் மாற்றும் தாளை நேற்று அனுப்பவே இல்லை. ரெஜி பெயர்தான் இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

ரெஜியின் அப்பா வரவில்லை. அவள்தான் வரவேண்டாம் என்று போன் செய்தாளாம். காலையில் லேத்தில் நின்றாள்.

மார்ச் 1, சனி

பதினான்கு குழுவில் நான்காவது இடம். நடுவர் ஒருவர் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, "யார் எழுதுனது?" என்றார். நான் என்றேன். பாதுகாப்புக்கான மதிப்பெண்ணில் பாதியை வெட்டினார். அது இருந்திருந்தால் மூன்றாவது இடம் வந்திருக்கும். கோமதியும் ரெஜியும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள், என்னிடம் சொல்லவில்லை. ரெஜி மூன்று சுற்றிலும் கம்பத்தை ஒரே மூச்சில் நிறுத்தினாள். கூட்டம் கைதட்டியது.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ரோபோவைச் சரிபார்க்க ஒரு நிமிடம் கொடுத்தார்கள். முதல் சுற்றில் நான் வயர்களைப் பார்த்துவிட்டு, "மேல் சுவிட்ச் பாத்தாச்சு" என்றேன். கோமதி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. என்னைத் தாண்டிக் குனிந்து, கட்டுப்போட்ட விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு மற்ற விரலால் சுவிட்சை அழுத்திப் பார்த்தாள். டிக். பிறகு அதன் இரண்டு கால்களையும் தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் ரெஜியைப் பார்த்துத் தலையசைத்தாள். இரண்டாவது சுற்றிலும் சொன்னேன். அப்போதும் அவளே அழுத்தி, அவளே தடவிப் பார்த்தாள்.

மூன்றாவது சுற்றில் நான் ஒன்றும் சொல்லவில்லை. வயர்களைப் பார்த்து முடித்ததும், அவள் குனிவதற்கு இடம் விட்டுத் தள்ளி நின்றேன்.